இடுப்பில் மறைத்து வைக்க ஒரு சின்ன பிஸ்டல்: எதை எடுப்பது, எதை விடுவது

அமெரிக்காவில் கிரீன் கார்டோ குடியுரிமையோ கைக்கு வந்துவிட்ட நம்மூர் ஆட்களில் சிலர், முக்கியமாக டெக்சஸ், ஜார்ஜியா பக்கம் இருப்பவர்கள், கொஞ்ச காலத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: சட்டைக்குள் மறைகிற மாதிரி சின்னதாக, ஆனால் நம்பி எடுத்துப்போகிற மாதிரி ஒரு பிஸ்டல் எது? வாங்கலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது அவரவர் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. வாங்குவது என்று முடிவாகிவிட்டால் எதை வாங்குவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னதாகவும் வேண்டும், நம்பகமாகவும் வேண்டும் என்கிறோம், இந்த இரண்டுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. கடையில் கண்ணாடிக்குள் பார்க்கும்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற துப்பாக்கி மேல்தான் ஆசை வரும், சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் அதை வைத்து இரண்டு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) சுட்டுப் பார்த்தால் ஆசை பாதியாகக் குறைந்துவிடும். அதனால் என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: உங்கள் உடம்புக்கும் உடைக்கும் தினமும் மறைத்து வைக்க முடிகிற துப்பாக்கிகளில் எது பெரியதோ அதை எடுங்கள். மிகச் சிறியதைத் தேடிப் போவது, வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை.

துப்பாக்கிக்குப் போகும் முன் விசா விஷயம். எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் ஒரு விலக்கு உண்டு, அதை வைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் "வாங்கலாம்" என்பதும் "இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம்" என்பதும் ஒன்றில்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தடையை மீறி வைத்திருந்தால் 15 ஆண்டுகள் வரை சிறை. கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் நாட்டை விட்டு அனுப்ப அதுவே காரணமாகிவிடும் என்பதை மறக்கக்கூடாது. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் குடியேற்ற நிலையைப் பற்றித் தெளிவாகவே கேள்வி இருக்கிறது, அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

மாநிலச் சட்டமும் எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தடை எதுவும் இல்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது, பல பக்கத்து மாநிலங்களில் அது செல்லும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் டெக்சஸ் லைசென்ஸ் செல்லாது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அந்த மாநிலங்களிலும் லைசென்ஸ் கிடைக்க வழி திறந்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகள் நிறைய. கலிஃபோர்னியாவில் கடைகள் பொதுமக்களுக்கு விற்கக்கூடிய கைத்துப்பாக்கிகளுக்கு மாநில அரசே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, நான் கீழே சொல்வதில் சில அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். நியூ ஜெர்சியில் இன்னொரு கூத்து உண்டு, எடிசன் பக்கம் இருக்கிறவர்கள் கவனியுங்கள்: முனையில் குழி இருந்து, பட்டதும் விரிகிற ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ரேஞ்சுக்கு எடுத்துப்போகலாம், இடுப்பில் வைக்கும் துப்பாக்கியில் போட்டுக்கொண்டு சுற்றினால் குற்றம். அதனால் அங்கே முனையில் பாலிமர் அடைத்த தோட்டாக்களைத்தான் போடுகிறார்கள். மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் இந்த மூன்று மாநிலங்களிலும் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் எல்லாமே வழக்கில் இழுபடுகிறவை, வாங்குகிற அன்றைக்கு எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சின்ன துப்பாக்கி ஏன் தொல்லை கொடுக்கிறது? ஒரு பிஸ்டல் சுடும்போது மேலே இருக்கிற ஸ்லைடு பின்னால் ஓடி, காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிந்து, ஸ்பிரிங் தள்ளத் திரும்பி முன்னால் வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி, குழலின் பின்முனையில் இருக்கிற அறைக்குள் தள்ள வேண்டும். பெரிய துப்பாக்கியில் ஸ்லைடு கனமாக இருக்கும், ஓடுகிற தூரமும் அதிகம், எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். சின்னதில் ஸ்லைடு இலேசு, தூரம் குறைவு, அது வெடுக்கென்று போய் வெடுக்கென்று திரும்பும், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றியிருக்க வேண்டும். இதைச் சமாளிக்க ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போடுகிறார்கள், அதனால் கையால் ஸ்லைடை இழுப்பது கடினமாகிறது. அப்புறம், பிடி சின்னது, சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கும், துப்பாக்கி உதைக்கும்போது மணிக்கட்டு தளர்ந்து கொடுத்தால் கீழ்ப்பகுதியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத்தூரம் ஓடாது, காலிக் கூடு வெளியேறும் வாயிலில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கி ஜாம் ஆகிறது என்று வருகிற புகார்களில் கணிசமானவை இப்படிப் பிடியிலிருந்து பிறந்தவைதான், அதைத் துப்பாக்கியின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் பெரிய துப்பாக்கி அந்தத் தளர்ந்த பிடியையும் மன்னித்துவிடும், சின்னது மன்னிக்காது, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மறைத்து வைக்கிற துப்பாக்கிகளை மூன்று குடும்பமாகப் பார்க்கலாம். பாக்கெட்டில் போடுகிற, .380 என்ற அளவுத் தோட்டா சுடும் பிஸ்டல், குட்டை ரிவால்வர், இடுப்பில் செருகுகிற சின்ன 9 எம்.எம்.

முதலில் பாக்கெட் .380. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ரூகர் எல்.சி.பி. 2008இல் வந்தது, அதற்கு முன்பே கெல்டெக் கம்பெனி பி3ஏடி என்று ஒன்றைப் போட்டிருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு வாங்குவதென்றால் எல்.சி.பி. மேக்ஸ். சுமார் 300 கிராம், மேகசினில் 10 தோட்டா, சாதாரண பேண்ட் பாக்கெட்டில் உறையோடு போட்டால் பர்ஸ் மாதிரி தெரியும். இதற்குப் போட்டியாக ஸ்மித் அண்ட் வெஸன் 2024இல் பாடிகார்ட் 2.0 என்று இறக்கியது, அதுவும் ஏறக்குறைய அதே எடை, 10 அல்லது 12 தோட்டா, ட்ரிகர் இதில் இன்னும் சுத்தமாக இருக்கிறது என்பது என் எண்ணம். க்ளாக் 42 இந்த வரிசையில் சற்றுப் பெரியது, 6 தோட்டாதான், ஆனால் மூன்றில் சுடுவதற்குச் சுகமானது அதுதான்.

இவற்றின் நல்லது ஒன்றே ஒன்று, எப்போதும் உங்களோடு இருக்கும். வேறு எதுவும் வைக்க முடியாத உடையிலும் இது இருக்கும். கெட்டதைச் சொல்கிறேன். .380 என்பது 1908இல் ஜான் பிரவுனிங் செய்த தோட்டா, 9 எம்.எம்.முக்கும் இதற்கும் குறுக்களவு ஒன்றுதான், பின்னால் தள்ளுகிற சக்தி குறைவு. ஜெல் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனைக்கு எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அளவு 12 முதல் 18 அங்குல ஆழம். இரண்டே முக்கால் அங்குலக் குழலிலிருந்து போகும் .380 ஹாலோ பாயிண்ட், முனை விரிந்தால் அந்த ஆழத்துக்குப் போக மூச்சு வாங்கும், ஆழம் போனால் பெரும்பாலும் முனை விரிந்திருக்காது. ஒன்றைக் கேட்டால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். உருவம் சின்னது என்பதால் தோட்டா விலையும் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், .380 பொதுவாக 9 எம்.எம்.மை விட விலை கூடுதல், காரணம் 9 எம்.எம். அளவுக்கு இது தயாராவதில்லை. விலை கூடுதல், சுடவும் சுகமில்லை, அதனால் வாங்கியவர்கள் பயிற்சிக்குப் போக மாட்டார்கள். ஐம்பது தோட்டா சுட்டதும் கட்டைவிரல் கவட்டில் ஒரு எரிச்சல் வரும், ஆள்காட்டி விரலை ட்ரிகர் வளையம் ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டிச் சிவக்க வைத்திருக்கும், அப்புறம் துப்பாக்கி பாக்கெட்டுக்குள் போய்விடும், வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பாக்கெட் என்பதும் சுத்தமான இடமில்லை, துணிப்பஞ்சும் மணலும் வியர்வையும் சேருகிற இடம். மாதம் ஒருமுறை தோட்டாவை எடுத்துவிட்டுத் துடைத்துப் பார்க்கவில்லையென்றால் ஹூஸ்டன் வெயில் காலத்தில் ஸ்லைடில் துரு பூத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, குட்டை ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் 642, 442, ரூகர் எல்.சி.ஆர். மூன்றும் .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா, எடை 400 கிராம் பக்கம். "ரிவால்வர் என்றால் ஜாம் ஆகாது, அதனால் புதியவர்களுக்கு அதுதான் நல்லது" என்று கடைக்காரர்கள், முக்கியமாக வயதான கடைக்காரர்கள், பெண்களிடம் சொல்லிச் சொல்லியே விற்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை, மணிக்கட்டு தளர்ந்தாலும் சுடும், வெடிக்காத தோட்டா ஒன்று வந்தால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் அடுத்தது வந்துவிடும், இதெல்லாம் உண்மை. 642, 442 இரண்டிலும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிறது, கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே கூட சுடலாம், துணியில் எதுவும் மாட்டாது. ஆனால் ட்ரிகரை அழுத்தப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டு கூட இல்லை, தன் எடையைப் போல் பத்து மடங்கு பலத்தில் அழுத்தும்போது அதை ஆடாமல் பிடிக்க நல்ல பயிற்சி வேண்டும். குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு, குறிபார்க்கும் பள்ளம் பெயருக்கு இருக்கும். உதையைச் சொல்லவே வேண்டாம். அப்புறம், ரிவால்வர் ஜாம் ஆகாது என்பதும் முழு உண்மையில்லை. இலேசான ரிவால்வரில் உதையின் வேகத்தில் மீதித் தோட்டாக்களின் முனை கூட்டிலிருந்து நழுவி முன்னால் வந்து உருளையைச் சுற்ற விடாமல் பூட்டிவிடும், தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலும் அதே கதை. பிஸ்டல் ஜாம் ஆனால் ஸ்லைடை இழுத்துத் தட்டிச் சரி செய்யலாம், ரிவால்வர் பூட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

இது பழகியவர்களுக்கான ஆயுதம். முப்பது வருஷமாகச் சுடுகிறவர்கள் இடுப்பில் ஒன்றும் பாக்கெட்டில் இது ஒன்றுமாக வைத்திருப்பார்கள், அவர்கள் கையில் அது அழகு. முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: மூட்டு வலியால் ஸ்லைடை இழுக்கவே முடியாதவர்கள். ஆனால் அவர்களுக்கும் அந்தக் கனமான ட்ரிகர் இடிக்கும், அதனால் ரிவால்வருக்கு முன் ஸ்மித் அண்ட் வெஸனின் 380 ஷீல்ட் ஈ.இசட். என்ற பிஸ்டலைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். 2018இல் வந்தது, ஸ்லைடை இரண்டு விரலால் இழுத்துவிடலாம் போல இருக்கும், பிடி முழுசாக இருக்கிறது, சக்தி குறைந்த .380 என்பதால் அந்த உருவத்தில் உதையும் மெதுவாக வரும். பாக்கெட்டில் போட முடியாது, இடுப்புக்குத்தான். இதன் 9 எம்.எம். மாடலில் 2020இல் ஹாமர் கோளாறு என்று கம்பெனியே திரும்ப அழைத்துச் சரி செய்து கொடுத்தது, பழையதாக வாங்கினால் வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குடும்பம், சின்ன 9 எம்.எம். முடிவு பெரும்பாலும் இங்கேதான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். 2018 வரைக்கும் ஒல்லியான 9 எம்.எம். என்றால் ஆறு, ஏழு, எட்டுத் தோட்டாதான். 2012இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட், 2015இல் வந்த க்ளாக் 43 எல்லாம் அந்தக் கணக்கு. 2018 ஜனவரியில் சிக் சாவர் பி365ஐக் கொண்டுவந்து வைத்தது, ஒல்லியும் குறையவில்லை, உள்ளே பத்துத் தோட்டா. மேகசினில் தோட்டாக்களை ஒன்றரை வரிசையாக நெளித்து அடுக்கியதுதான் அந்த வித்தை. மற்ற கம்பெனிகள் எல்லாம் பின்னால் ஓடி வந்தன: 2019இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட், அதே ஆண்டு க்ளாக் 43எக்ஸ், 2021இல் ஷீல்ட் பிளஸ்.

பி365 எடை சுமார் 500 கிராம், நீளம் 5.8 அங்குலம், உயரம் 4.3 அங்குலம். இன்றைக்கும் இந்த வரிசையில் அளவுக்கு மேல் வேலை செய்கிற துப்பாக்கி இதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வந்த முதல் வருஷத்தில் இதில் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் உடைகிறது, ஸ்லைடு முழுசாக மூடவில்லை என்று புகார்கள் குவிந்தன, கம்பெனி பாகங்களை மாற்றிச் சரி செய்தது. இப்போது வருகிறதில் அந்தத் தொல்லை இல்லை. ரூகர் எல்.சி.பி.யும் வந்த 2008ஆம் ஆண்டிலேயே, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று திரும்ப அழைக்கப்பட்டது. ஈ.இசட். கதையை மேலே சொன்னேன். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்று: புதிதாக வந்த மாடலை முதல் வருஷம் வாங்காதே, காசு கொடுத்துச் சோதனை எலி ஆகும் வேலையை ஆசைப்படுகிற மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சிக் என்றதும் சிலர் அதே கம்பெனியின் பி320 தானாகவே வெடித்ததாக வந்த செய்திகளைக் காட்டித் தயங்குவார்கள். அது வேறு துப்பாக்கி, பெரியது, உள்ளமைப்பு வேறு. அந்தத் தயக்கம் போகவே இல்லையென்றால் பி365ஐக் கட்டைவிரல் சேஃப்டி உள்ள மாடலாக வாங்கலாம், அல்லது அடுத்ததைப் பார்க்கலாம்.

அடுத்தது ஷீல்ட் பிளஸ். பி365ஐ விட 70 கிராம் போலக் கூடுதல், நீளமும் உயரமும் கால் அங்குலம் கூட. 10 தோட்டா மேகசின் ஒன்று, கொஞ்சம் நீண்ட 13 தோட்டா மேகசின் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் பி365 ஜெயிக்கிற மாதிரி இருக்கும், கையில் பிடித்தால் எனக்கு இதுதான். பிடியின் சாய்வு கைக்கு இயல்பாக வருகிறது, உதை நேராக உள்ளங்கைக்குள் வருகிறது, ட்ரிகர் பழைய ஷீல்டில் இருந்த மணல் அரைக்கிற மாதிரியான இழுப்பு இல்லாமல் ஒரே சீராக இருக்கிறது. இந்த 70 கிராம்தான் சுடும்போது உங்களுக்கு உதவி செய்கிறது. 2012இலிருந்து அதே அடிப்படை அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் ஹோல்ஸ்டர் என்கிற உறைக்கும் உதிரிக்கும் பஞ்சமில்லை.

க்ளாக் 43எக்ஸ், ஸ்லைடு சின்னதாகவும் பிடி நீளமாகவும் இருக்கிற கலவை. மூன்று விரலும் வசதியாக உட்காரும், பெரிய கை உள்ளவர்களுக்கு இதுதான் தோது. மறைப்பதற்கு இடைஞ்சல் செய்வது எப்போதும் பிடிதான், குழல் இல்லை, குழல் பேண்டுக்குள் போய்விடும், பிடிதான் குனியும்போது சட்டையைத் தூக்கிக்காட்டும். ஒல்லியான உடம்புக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதன் 10 தோட்டா மேகசினுக்குப் பதிலாக அதே உயரத்தில் 15 தோட்டா கொள்கிற மேகசினை வேறு கம்பெனிகள் விற்கின்றன, ஆசை காட்டும். தினமும் உயிரை நம்பி வைத்திருக்கிற துப்பாக்கிக்குக் கம்பெனி மேகசினைத் தவிர வேறு போட வேண்டாம், ஜாம் ஆவதற்கு மிகச் சுலபமான வழி மேகசின்தான். க்ளாக்கில் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது, அது பிடிக்காதவர்கள் இந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

ஹெல்கேட் 11 தோட்டா கொள்ளும், சொல்லும்படி குறை இல்லை, ஆனால் இந்த நான்கில் அதிகம் துள்ளுவது அதுதான் என்று என் கைக்குத் தோன்றியது. டாரஸ் ஜி.எக்ஸ்.4 விலை குறைவு, பணம் இடிக்கிறதென்றால் பார்க்கலாம், நான் என்றால் பழைய ஷீல்ட் ஒன்றை நல்ல நிலையில் தேடிப் பிடிப்பேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாதீர்கள். டெக்சஸில் பெரிய ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கிகள் இருக்கும், ஒரு தொகை கட்டினால் மாற்றி மாற்றி எடுத்துச் சுடலாம். இரண்டையோ மூன்றையோ எடுத்து ஒரே நாளில், ஒரே தூரத்தில் சுட்டுப் பாருங்கள். ஏழு கஜம் போதும். பார்க்க வேண்டியது குறியில் ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் இல்லை: மேகசினில் கடைசித் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்ப முடிகிறதா, பத்தாவது முறையும் ஸ்லைடை முழுசாக இழுக்க முடிகிறதா, சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிடியை மறுபடி மறுபடி சரி செய்ய வேண்டியிருக்கிறதா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு இல்லை. கணவன் தேர்ந்தெடுத்து மனைவிக்கு வாங்கிக்கொடுக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம், தயவுசெய்து வேண்டாம், சுடப்போகிறவர் கையே தேர்ந்தெடுக்கட்டும்.

வாங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி, அந்த மேகசின், அந்தத் தோட்டா மூன்றும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாடலுக்கு நல்ல பெயர் இருப்பது வேறு, உங்கள் கையில் இருப்பது ஓடுவது வேறு. பயிற்சித் தோட்டா ஒரு இருநூறு, அதன் பிறகு நீங்கள் தினமும் போட்டுக்கொள்ளப்போகிற ஹாலோ பாயிண்ட் ஒரு ஐம்பதாவது, எந்தத் தடங்கலும் இல்லாமல் போக வேண்டும். ஹாலோ பாயிண்ட் விலை அதிகம் என்று இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம், உருண்டை முனைத் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற துப்பாக்கி, வாய் திறந்த ஹாலோ பாயிண்ட்டில் இடித்து நிற்கலாம் என்பதை யோசிப்பதில்லை. 9 எம்.எம்.மில் ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டில் எது ஓடுகிறதோ அது. தடங்கல் வந்தால் எந்த மேகசினில் வந்தது என்று தெரியும்படி மேகசின்களில் எண் எழுதி வையுங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அந்தப் பையில் ஊருக்குத் துணி அடுக்கவே கூடாது. பை ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்து, டெல்லியிலோ சென்னையிலோ ஸ்கேனரில் தெரிந்தால், இந்திய ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வழக்கு. தெரியாமல் இருந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லி விடுபட்டவர்கள் உண்டு, ஆனால் அது முடிகிற வரைக்கும் விமானமும் போச்சு, விடுமுறையும் போச்சு.

ஹோல்ஸ்டர் இல்லாமல் இந்தப் பேச்சே அரைகுறை. ட்ரிகரை முழுசாக மூடுகிற, அழுத்தினால் வளையாத, அந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை வேண்டும், அதைத் தாங்குகிற விறைப்பான பெல்ட் வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறையில் ட்ரிகர் மேலேயே துணி மடிந்து அழுத்தும். அறைக்குள் தோட்டா ஏற்றியபடி வைப்பதா என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள், பயம் நியாயமானதுதான், நல்ல உறை கிடைத்து அதில் பழகும் வரைக்கும் காலியாகவே வைத்து வீட்டுக்குள் நடமாடிப் பாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் வைத்தாலும் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. கைப்பையில் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில், வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தது, அம்மா அங்கேயே இறந்துபோனார். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது. கோவிலுக்கு வேட்டி கட்டிப் போகிற அன்று அது பெட்டியில்தான், மடியில் செருகுகிற யோசனையெல்லாம் வேண்டாம். கோவில் வாசலில் தடை அறிவிப்பு இருந்தால் டெக்சஸில் அதற்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. தபால் அலுவலகத்துக்குள் எடுத்துப்போகவும் மத்தியச் சட்டத்தில் தடை உண்டு, அது வழக்கில் இழுபட்டாலும் எடுத்துப்போக வேண்டாம்.

ஆக, இப்படி முடிவெடுப்பேன். பெல்ட் கட்டி, சட்டையை வெளியே விட்டு நடக்கிறவர், சராசரி கை: ஷீல்ட் பிளஸ், அது பெரிதாகத் தெரிந்தால் பி365. கை பெரியது, உடம்பும் வாகானது என்றால் 43எக்ஸ். ஸ்லைடு இழுக்கக் கை ஒத்துழைக்கவில்லையா, 380 ஈ.இசட். அலுவலகத்துக்குச் சட்டையை உள்ளே விட்டு டக் செய்து போகிறவர், அங்கே துப்பாக்கிக்கு அனுமதியும் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால்தான் பாக்கெட் .380, அதிலும் எல்.சி.பி. மேக்ஸ் அல்லது பாடிகார்ட் 2.0, ஆனால் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டே ஆக வேண்டும் என்று தனக்குத் தானே கண்டிஷன் போட்டுக்கொண்டு. எல்.சி.பி. மேக்ஸ் 400 டாலருக்குள் கிடைக்கும், ஷீல்ட் பிளஸும் 43எக்ஸும் 450 பக்கம், பி365 அதற்கும் மேலே. கையில் 800 டாலர் இருக்கிறதென்றால் துப்பாக்கிக்கு 450க்கு மேல் போடாதீர்கள், மிச்சத்தில் 80 உறைக்கு, 50 பெல்ட்டுக்கு, படுக்கை அறைப் பெட்டிக்கு ஒரு நூறு, பாக்கி முழுக்கத் தோட்டாவுக்கும் ரேஞ்சுக் கட்டணத்துக்கும்.